சுடுகாட்டைப் பார்த்த வாசல்

வில்லியனூரிலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் காலனியில் நிற்கும்போது, "சுடுகாடெல்லாம் எறங்குபா!" என்று கண்டக்டர் கத்துவார். நாங்கள் உயிரோடுதான் இறங்குவோம்.

எழுபதுகளில் அரசாங்கம் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த இலவச வீடுகள் அவை. ஒரே வரிசை, ஒரே அச்சு; மழை பெய்தால் எல்லா வீட்டிலும் ஒரே மூலையில் ஒழுகும். அந்தச் சமத்துவத்தில் குறை சொல்ல முடியாது. வாசல்கள்தான் ரோட்டைப் பார்த்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. காலையில் கதவைத் திறந்தால் முந்தின நாள் பிணத்தின் புகை முகத்தில் அடிக்கும்.

குடிவந்த வாரமே எல்லோரும் முன்கதவைத் தாழ்போட்டு உள்ளே விறகை அடுக்கினார்கள். கரும்புக் கொல்லைப் பக்கம் இருந்த பின்கதவு வாசலானது, அங்கேதான் கோலம். ரோட்டுப் பக்கம் குப்பை. மொத்தக் காலனியும் அரசாங்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

நான் பத்தாவது படித்தவன். சும்மா இருப்பேனா? "தாப்பாளுக்கு எந்தப் பேய்டா பயப்படும்?" என்று ஊருக்கே உபதேசம் செய்துவிட்டு, முன்கதவைப் பெயர்த்துப் பழைய பின்கதவுக்குப் பதிலாக மாட்டினேன். முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துச் சிமென்டும் பூசினேன். வீட்டில் ஒழுகும் மூலைக்குக்கூட அவ்வளவு சிமென்ட் கிடைத்ததில்லை.

வயிற்றில் பிள்ளை, இடுப்பில் குடம். என் மனைவி நின்று பார்த்தாள்.

"செவுரு நல்லாத்தான் இருக்குது. தண்ணிக்கு இன்னாயா வழி?"

தண்ணீருக்குக் கரும்புக் கொல்லையைத் தாண்டிப் பம்புசெட்டுக்குப் போகவேண்டும். கரண்ட் இருந்தால் கொல்லைக்காரர் விடமாட்டார். அவர் விட்டால் கரண்ட் இருக்காது. பிள்ளை பிறப்பதற்குள் ஒரு தெருக்குழாய் வந்தாக வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தேன்.

ஒருநாள் ஓவர்சீயர் ஜீப்பில் வந்தார். ரோட்டில் நின்று பார்த்தார். சாத்திய கதவுகள், குவிந்த குப்பை.

"ஆளே இல்லாத காலனிக்குக் கொழா எதுக்கு? வண்டிய எடுப்பா" என்றார் டிரைவரிடம்.

குப்பை கொட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரி காதில் அது விழுந்துவிட்டது. "அடியேய், கொழாக்காரரு போறாருடி! கதவத் தொறங்கடி!"

உள்ளே விறகு சரியும் சத்தம். படபடவென்று கதவுகள் திறந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல. நான் மட்டும் வரிசையைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தேன்.

"எல்லாரும் இங்கதான் சார் குடியிருக்கோம்!"

"உன் வூடு எதுய்யா?"

சுவரைக் காட்டினேன்.

"வாசல் எங்க?"

"பின்னால சார்."

அவர் என் சுவரைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க போனாலும் 'என் வாசல்ல சேறாவும், போடாதே'ன்னு சண்டைக்கு வருவானுங்க. இங்க வாசலே இல்ல. கொழாய இங்கியே போட்டுடலாம்."

போட்டார்கள். என் சுவரை ஒட்டி, அடுப்படியில் உட்கார்ந்தால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும் தூரத்தில். மற்றப் பெண்கள் முன்கதவைத் திறந்து இரண்டு எட்டில் பிடித்துக்கொண்டார்கள். "பொணம் இன்னா எழுந்து வந்து கடிக்கவா போவுது?" என்று இப்போது எனக்கு உபதேசம். என் மனைவி மட்டும் நிறைவயிற்றோடு வரிசையைச் சுற்றி நடந்தாள்.

கடப்பாரையை எடுத்தேன். நான் பூசிய சிமென்ட் அல்லவா, நாளெல்லாம் இடித்தும் ஒரு குடம் நுழையும் பொந்துதான் விழுந்தது. அதற்குள் கடப்பாரை வளைந்துவிட்டது. அன்றிலிருந்து வெளியே நின்று பிடித்துக் கொடுப்பது என் வேலை. உள்ளிருந்து வாங்கிக்கொள்வது அவள் வேலை.

சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கைகால் கழுவ அந்தக் குழாய்க்குத்தான் வருவார்கள். ஒருவர் காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"இன்னாபா, வூட்டுக்காரி உள்ள, நீ மட்டும் வெளியிலியா?"

பொந்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

"பேய் உள்ள வரக்கூடாதுன்னு அவுரே கட்டன செவுருங்க. நல்லாத்தான் வேலை செய்யுது."