வளைவில் கேட்ட ஹோர்ன்

முப்பதுகளில், மலேரியாக் காய்ச்சல் எங்கள் பக்கத்தைப் பிடித்து உலுப்பிய வருஷம் அது. கலகெதரையிலிருந்து கண்டிக்கு ஏறும் பாதையில், ஒரு பெரிய வளைவை ஒட்டி எங்கள் வீடு. முன்பக்கச் சாய்ப்பில் என் கணவர் டயருக்கு ஒட்டுப் போடும் தொழில் செய்தார். வாசல் பலாமரத்தில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டிருப்பார். அதுதான் கடைக்குப் போர்டு.

அவரையும் அந்தக் காய்ச்சல் கொண்டுபோனது. நான் இத்தாவில் இருந்தேன். கணவர் மவுத்தானால் நாலு மாதத்துக்கு மேல் பெண் வீட்டைவிட்டு இறங்காமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்தி இருக்கிற காலம் அது. எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. வீட்டில் நானும், காது மந்தமான என் மாமியும்தான். பகலெல்லாம் வளைவில் வண்டி போகிற சத்தம் கேட்கும். ஒன்றும் நிற்காது. சாரதிமாருக்கெல்லாம் அவர் போன செய்தி தெரியும். மரத்தில் டயர் மட்டும் அப்படியே கிடந்தது. நான் இறங்கிக் கழற்ற முடியாது. கழற்றச் சொல்லி யாரிடமும் கேட்கவும் மனசு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். வாசலில் ஒரு வண்டி நின்றது. ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். கூரையில்லாத, நிலத்தோடு ஒட்டின, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஓட்டப்பந்தயக் கார். அதிலிருந்து தோல் தொப்பி, பெரிய கண்ணாடி, நீளக் காற்சட்டையோடு ஓர் ஆள் இறங்கினார். அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டேன். தட்டினார், தட்டினார், நான் திறக்கவில்லை. பிறகு தட்டுவது நின்றது. அழுகிற சத்தம் கேட்டது. பெண்பிள்ளை அழுகிற சத்தம்.

அறையிலிருந்து வந்து வாசல் கதவைக் கொஞ்சம் திறந்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிப் பழகின தமிழ்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“டயர் போச்சி. மாத்து டயரும் வழியில போச்சி. ஆள கூப்பிடு.”

ஆள் இல்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மரத்து டயரைக் காட்டினாள். நான் என் வெள்ளைச் சேலையைத் தொட்டுக் காட்டினேன். அதைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னாள்.

“எங்க தொரைக்கி காச்சல். கண்டி ஆஸ்பத்திரி. சுருக்கா வரச் சொன்னாங்க.”

காய்ச்சல் என்ற அந்தச் சொல்லுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. நான் படி இறங்கமுடியாது, சில்லை உள்ளே கொண்டுவா என்று கையைக் காட்டினேன். அவளே ஜாக்கி வைத்துக் கழற்றி உருட்டி வந்தாள். சைக்கிளுக்கு இருப்பதுபோல் மெல்லிய கம்பிகள் வைத்த சில்லு. காற்சட்டையைக் கண்டதும் மாமி போட்ட சத்தம்.

“இத்தா வூட்டுக்குள்ள ஆம்புளய ஏத்துறியா புள்ள?”

துரைசாணி தொப்பியைக் கழற்றினாள். முடியும் கட்டையாக வெட்டியிருந்தது. மாமி கிட்டே வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். “காதுல தோடு கெடக்கு. அப்ப சரி” என்று போய் இருந்துகொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒட்டுப் போடுகிற வேலை நான் செய்ததே இல்லை. சாரதிமார் இருக்கும்போது முன்னுக்கு வரமாட்டேன். டியூப்தான் குசினிக்கு வரும். அவர் அதைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குவார், குமிழி எங்கே வருகிறது என்று நான் பார்த்துச் சொல்வேன். அவர் வெயிலுக்குள் ஓடியாடிச் செய்த வேலையில் என் பங்கு அவ்வளவுதான். அன்றைக்குத் துரைசாணி டயரை நெம்பி டியூபை எடுத்து அமுக்கினாள். நான் பார்த்தேன்.

ஓட்டை கிடைத்தது. ஆனால் ஒட்டு நிற்கவில்லை. அவர் போன நாளிலிருந்து தொடாமல் கிடந்த சொலூஷன் பசை, டின்னுக்குள் வறண்டு போயிருந்தது. ஒட்டினேன், உரிந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடியும் உரிந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. அப்போதுதான் சொலூஷன் கட்டிபட்டால் அவர் அதில் பெற்றோல் விட்டுக் குழைப்பது ஞாபகம் வந்தது. பெற்றோல் கேட்டேன். ஓடிப்போய்க் காரிலிருந்து ஒரு குவளையில் கொண்டுவந்தாள். குழைத்துப் பூசி, காயவிட்டு, ஒட்டி, இரண்டு பேரும் மாறி மாறிக் கையால் அமத்திக்கொண்டு இருந்தோம். அவள் விரலும் என் விரலும் ஒரே கறுப்பு. பிறகு காற்றடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை.

டியூபை டயருக்குள் போட்டு, சில்லைக் காரில் பூட்டிவிட்டுத் திரும்பவும் படிக்கு வந்தாள். என் கையைப் பிடித்தாள்.

“தொர நல்லா ஆனா, திரும்பிப் போறப்ப ஹோர்ன் அடிக்கிறேன். கேளு.”

தலையாட்டினேன். கார் வளைவில் ஏறி மறைந்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. எங்கள் வளைவில் ஹோர்ன் அடிக்காமல் போகிற வண்டியே கிடையாது. எதிரே வருவது தெரியாத இடம், அடித்தே ஆகவேண்டும்.

இத்தா முடியும் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். தொழும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்தத் துரைக்கும் சேர்த்து துஆக் கேட்டேன். எத்தனையோ ஹோர்ன் கேட்டது. எது அவளுடையது என்று இன்றைக்கும் தெரியாது.

இப்போது மாமியும் இல்லை, அந்த மரமும் இல்லை. நான் மட்டும் அதே வீட்டில் தனியே இருக்கிறேன். வளைவில் எந்த வண்டி ஹோர்ன் அடித்தாலும், யாரோ பிழைத்துவிட்டார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவதாகவே எடுத்துக்கொள்கிறேன்.