அகலத் திரையில் ஒரு முகம்

மந்தாரக்குப்பத்தில் யார் செத்தாலும் அம்சவல்லிக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். துக்க வீட்டில் பந்தல் போட்டு முடிப்பதற்குள், பழைய ஆல்பத்திலிருந்து உருவிய ஒரு போட்டோவோடு யாராவது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் வந்து நிற்பார்கள். "மத்தியானத்துக்குள்ள போஸ்டர் ஒட்டியாவணும்ங்க" என்பார்கள். குரூப் போட்டோவாக இருந்தால், தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அவள் அழித்து எடுப்பாள். பனியனோடு நிற்கிறவருக்குக் கோட்டு மாட்டுவாள். கண் மூடியிருந்தால் திறந்துவைப்பாள். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. உயிரோடு இருந்தவரை கோட்டை எட்டிக்கூடப் பார்க்காத எத்தனையோ பேரை அவள் கோட்டுப் போட்டுத்தான் மேலே அனுப்பியிருக்கிறாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதில் நிம்மதி பாதி, வருத்தம் பாதி. அம்மா வள்ளியம்மாள் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் பெருக்குகிற கான்ட்ராக்ட் வேலை பார்த்தவள். பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டே பெருக்கியவள், ஆகாமலே போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து வாடகை வீட்டில் அம்சவல்லி மட்டும். சமைப்பது ஒரு வேளை, பேசுவது கடையில் மட்டும். வீட்டில் இருப்பது உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று. பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

2014இல், ஒரு திங்கட்கிழமை காலையில், கடையிலிருந்த பழைய மானிட்டர் பட்டென்று ஒரு சத்தம் போட்டு உயிரை விட்டது. முதலாளி ஜெயராமன் கடலூருக்கு ஆள் அனுப்பி, அன்றைக்கே புதிய அகலத்திரை மானிட்டரை வாங்கி வரச்சொல்லிவிட்டார். செலவுக்கு யோசிக்கிற மனுஷன்தான். ஆனால் முகூர்த்த மாதத்தில் கடையை மூடிவைக்க முடியுமா?

"பாத்தியா அம்சவல்லி, சினிமா தியேட்டரே வந்துடுச்சு. இனிமே உனக்குக் கண்ணு வலிக்காது."

அம்சவல்லி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தால் சிலேட்டுப் பலகை போல ஒல்லி. முதலில் அவளுக்குத் தோன்றியது ஒரே குறைதான்: பழைய மானிட்டருக்கு முதுகு இருந்தது. அந்த முதுகுச் சூட்டில்தான் சோற்று டப்பாவை வைப்பாள். ஒரு மணிக்குத் திறந்தால் சற்றே சூடாக இருக்கும். இதில் டப்பா வைக்க இடமும் இல்லை, சூடும் இல்லை. இன்னொன்று, பழையதை அணைத்தால் அந்த உப்பின கண்ணாடியில் தன் முகம் கோணலாகத் தெரியும். இதை அணைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கறுப்பு.

போட்டுப் பார்த்தாள். எல்லாம் பெரிதாகத்தான் இருந்தது, எழுத்துகூடச் சற்றுப் பூசினாற்போல. அகலம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று வேலையைத் தொடங்கினாள். வடக்குத்து கிராமத்துச் சிங்காரவேல் மகளின் கல்யாண பேனர். பெண்ணும் மாப்பிள்ளையும் திரையில் ஊதித் தெரிந்தார்கள். போட்டோ எடுத்தவன் லட்சணம் அப்படி என்று அவனைத் திட்டிக்கொண்டே, இரண்டு பேரையும் கண்ணுக்குச் சரியாகப் படும்வரை பக்கவாட்டில் இறுக்கி, பேனர் அடிக்கிற இடத்துக்கு அனுப்பிவைத்தாள். பதினாறு வருஷத்தில் அவள் கண் அவளை ஏமாற்றியதே இல்லை.

அன்று சாயங்காலம் கடையில் யாருமில்லாதபோதுதான் 'அம்மா' என்ற பெயரில் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தாள். வருகிற ஞாயிறு அம்மாவின் முதல் வருஷத் திதி. ஊருக்கெல்லாம் நினைவஞ்சலி போஸ்டர் போடுகிறவள் தன் அம்மாவுக்குப் போடாமல் இருக்கலாமா? ஆனால் இத்தனை நாளும் அதைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அம்மாவின் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, ஆஸ்பத்திரி அட்டைக்காகக் கடைசி மாதங்களில் எடுத்தது. கன்னம் ஒட்டி, எலும்பு துருத்தி, கண் மட்டும் பாக்கி. மற்ற போட்டோக்களெல்லாம் 2011இல் அடித்த 'தானே' புயலில் கூரை ஷீட் பறந்தபோது டிரங்குப் பெட்டியோடு நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. அந்த ஆஸ்பத்திரி முகத்தைச் சுவரில் ஒட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

படம் திறந்தது. அம்சவல்லி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

கன்னம் இருந்தது. தாடை இருந்தது. கழுத்து நரம்பெல்லாம் அடங்கி, தோள் பூரித்து, நோய் வருவதற்கு முந்தின அம்மா திரையில் உட்கார்ந்திருந்தாள். அம்சவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கம்மா போயிருந்த?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டதற்குப் பிறகு, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை சிங்காரவேல் பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கடை வாசலில் விரித்துப் பிடித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு முருங்கைக்காய்களாக நின்றார்கள்.

"ஏம்மா, எம் மருமவனுக்கு என்னா காச நோயா? ஒம்போது மாசமா சோறு தண்ணி காணாதவன் கணக்கா நிக்கிறான். மாப்ள வூட்டு சனம் பாத்தா கல்யாணமே நின்னு பூடும்!"

ஜெயராமன் கையைப் பிசைந்தார், மன்னிப்புக் கேட்டார், வேறு அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு திரைக்கு முன்னால் வந்து நின்று, வட்டமாக இருக்க வேண்டிய கடை முத்திரை கோழி முட்டையாகத் தெரிவதைக் கண்டுபிடித்தார். "மானிட்டர்தான் இழுத்துக் காட்டுது. பழைய கம்ப்யூட்டர்ல இதுக்கான சாஃப்ட்வேர் இல்லபோல. விஜயராஜைக் கூப்பிட்டு சரி பண்ணச் சொல்றேன்."

அம்சவல்லிக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளையை ஊத வைத்த அதே கோளாறுதான் அம்மாவுக்கும் கன்னம் வைத்திருக்கிறது. தொழில் தெரிந்தவள், இனிமேல் தெரியாத மாதிரி நடிக்க முடியாது. ஆனாலும் வாய் வேறொன்று சொன்னது.

"வேணாம் சார். நான் அளவு வெச்சுப் பாத்துப் பண்ணிக்கிறேன். பழகிடும்."

"பழகிடுமா? கண்ணாலதான வேலையே?"

"பழகிடும் சார்."

வியாழக்கிழமை கடை திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே ஜெயராமன் வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. வீட்டுக்காரம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டுவதைச் சொன்னாள். காலில் ஆணி வந்திருப்பதைச் சொன்னாள். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாத சில்லறை விஷயங்கள். கோளாறு என்று தெரிந்தே அதை ஆசையாகப் பார்த்தாள். ஊரில் எத்தனையோ பேர் எதையெதையோ நம்பிப் பிழைக்கவில்லையா?

ஜெயராமன் அவளைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விஜயராஜ் ஒரு சி.டி.யோடு வந்தார். டவுன்ஷிப் முழுக்கக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர், நின்று பேச நேரமில்லாதவர். பத்து நிமிஷம். திரை ஒருமுறை கறுத்து, திரும்பி வந்தது. கோழி முட்டை வட்டமாயிற்று.

"இப்பப் பாருங்க மேடம், எவ்ளோ எடம்!"

இடம் என்னவோ நிறையத்தான் இருந்தது. அவர் போனதும் படத்தைத் திறந்தாள். அம்மா ஒட்டின கன்னத்தோடு நடுவில் சிறுத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் வெறும் சாம்பல் நிறம்.

ஊரார் பிணத்துக்கெல்லாம் செய்ததை என் அம்மாவுக்குச் செய்தால் என்ன குற்றம் என்று அம்சவல்லிக்கு ஒரு கோபம் வந்தது. மூன்று பங்கு அகலத்தை நான்கு பங்காக இழுத்தாள். வந்துவிட்டது. நேற்றுப் பார்த்த அதே முகம். அதை நினைவஞ்சலிப் போஸ்டரில் வைத்தாள். மேலே தீபம், பக்கத்தில் மலர் வளையம், 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி'. கீழே 'நினைவில் வாடும்' என்று போட்டு, 'மகள் அம்சவல்லி' என்று அடித்தாள். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று நாலு வரி ஓடும், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்குவாள். இங்கே எழுத்தைப் பெரிதாக்கியும் இடம் மிஞ்சியது.

சனிக்கிழமை பகலில் கனகம் வந்தாள். அம்மாவோடு இருபது வருஷம் சேர்ந்து பெருக்கியவள். போஸ்டர் தயாரானால் தங்கள் ஆட்கள் வேலைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒட்ட ஒன்று வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள். வேலை முடிந்து வந்தவள், துடைப்பத்தைக் கடைக்கு வெளியே சாத்திவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் மாரில் கைவைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! உம் போட்டோவ எதுக்குடி செத்தவங்க நோட்டீசுல போட்டு வெச்சிருக்க? எடு மொதல்ல, எடு!"

"என் போட்டோ இல்ல அத்தை. அம்மா."

"யாரு, வள்ளியா?" கனகம் திரைக்குக் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கினாள். "எனக்கென்னா கண்ணு அவிஞ்சா பூடுச்சி? பக்கத்துல பக்கத்துல நின்னு பெருக்கிகினு இருந்தவ நானு. இது நீதான். இந்தத் தாவாக்கட்ட, இந்தக் கழுத்து, எல்லாம் நீ."

"சீக்கு வர்றதுக்கு முன்னாடி அம்மா இப்படித்தான இருந்தாங்க? கன்னம் வெச்சு?"

கனகம் சிரித்துவிட்டாள். "வள்ளிக்கா? கன்னமா? அவ எங்கம்மா தின்னா, கன்னம் வர? எப்பவுமே அவ குச்சிதான். சீக்குல இன்னும் கொஞ்சம் வத்திப் பூட்டா, அவ்ளோதான்."

இந்தக் கன்னத்தை எந்த வருஷம் பார்த்தோம் என்று அம்சவல்லி நினைத்துப் பார்த்தாள். ஒரு வருஷமும் பிடிபடவில்லை. புயல் போட்டோக்களைக் கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி முகத்தை மறக்க அவளே தன் அம்மாவுக்குக் கன்னம் வைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இழுத்த படத்தைப் பழைய அளவுக்கு விட்டாள். முகம் சுருங்கி உள்ளே போயிற்று.

"ஆங். இதோ வந்துட்டா பாரு" என்றாள் கனகம். குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்சவல்லி போஸ்டர் இரண்டு பிரதிகள் எடுத்துச் சுருட்டிக் கொடுத்தாள். கனகத்துக்குப் படிக்கத் தெரியாது. "கீழ யார் யாரு பேரும்மா போட்டிருக்க?" என்று கேட்டாள்.

"என் பேரு மட்டும்தான் அத்தை."

"போதும்மா. பெத்த பொண்ணு பேரு ஒன்னு இருந்தா போதும், வேற என்னா வேணும்?" என்றவள், போகிறபோது, "நாளைக்கு படைச்சுட்டு எங்க வூட்டுக்குச் சாப்பிட வந்துடு" என்றாள். அம்சவல்லி சரி என்றாள். ஒரு வருஷமாக அவள் கூப்பிடுவதும் இவள் சரி என்பதும் போகாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டது.

கனகத்தின் துடைப்பம் தெருமுனையில் மறைந்ததும், அம்சவல்லி இன்னொரு முறை படத்தை இழுத்துப் பார்த்தாள். இப்போது அது அம்மாவாகவே தெரியவில்லை. திரையின் நடுவில், தீபத்துக்குக் கீழே, அவள்தான் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை காலையில் எந்த முகத்திடம் கால் ஆணியைப் பற்றிச் சொன்னாளோ, அது அவள் முகம். அந்த முகத்துக்குக் கீழே 'நினைவில் வாடும் மகள் அம்சவல்லி' என்று இருந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. கை, தொழில் பழக்கத்தில், அந்த வரியை அழித்தது. இந்த முகத்துக்குக் கீழே யார் பெயரைப் போடுவது? ஜெயராமன் சாரா? விஜயராஜா? கனகம் அவளைவிட இருபது வயது மூத்தவள். கர்சர் காலி வரியில் மினுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு பெயரும் வரவில்லை.

மூடப்போனாள். மாற்றியதைச் சேமித்துவைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அன்றைக்குக் கனகத்தை விட்டால் அவளை ஒரு வார்த்தை கேட்டது அதுதான். வேண்டாம் என்று அழுத்திவிட்டு, ஆறிப்போன சோற்று டப்பாவைத் திறந்தாள்.