மோர் மிளகாய்ப் பெட்டியில் ஒரு கரித்துண்டு

அக்கா மோர் மிளகாயை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பத் தொடங்கியபோது, பணத்தாசை என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் தாமாகவே கேட்டு வந்தார்கள். அதற்கெல்லாம் அவள் அசையவில்லை. மெல்பர்ன் பக்கம் தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த ஊரில்தான் அவளுடைய ஒரே மகள் இருந்தாள். தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன.

மகள் தன்னோடு வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அதற்குத்தான் அத்தனையும். இருவரும் மாலையும் கழுத்துமாக ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பெத்த வயிறு பத்தி எரியுது. எரியிறது எப்பிடி இருக்கும்னு ஒனக்கும் ஒருநா தெரியும் போ" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்தான் இருந்திருந்தால் அந்தச் சொல் வெளியே வந்திருக்காது. பட்டாளத்தில் கத்திக் கத்தியே தொண்டை ஓய்ந்துபோய், வீட்டில் பூனை மாதிரி இருந்த மனுஷர். அவர் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் திரும்பி நடந்தாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. அவள் முதலில் பேசட்டும் என்று இவளும், இவள் முதலில் கூப்பிடட்டும் என்று அவளும் இருந்தார்கள். நடுவில் வாட்ஸ்அப்போடு மாட்டிக்கொண்டவள் நான்.

இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை ஆபீசில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இங்கிலீஷில் மெயில் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக அக்கா என்னைத் தன் ஷெட்டுக்குள் இழுத்துப் போட்டாள். ஊருக்கு வெளியே, பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டுகளுக்கு நடுவில் எங்கள் ஷெட். வன்னியம்பட்டிப் பக்கமிருந்து மிளகாய் வரும். கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் காயப்போட்டு, சாயங்காலம் மறுபடி மோருக்குள் தள்ளி, அது வெளுத்துச் சுருங்கும் வரை இதே பாடுதான். மோருக்கு எவ்வளவு உப்பு என்பதை மட்டும் அக்கா யாரிடமும் விடமாட்டாள். கை உப்பு மாறினால் மகளுக்குத் தெரிந்துவிடும் என்பது அவள் எண்ணம். சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும்.

அந்தக் கடைக்காரர்கள் சரக்கை எடுக்குமுன் ஒரு அதிகாரியை அனுப்பி ஷெட்டைச் சோதித்தார்கள். சென்னையிலிருந்து வந்த மனிதர் தலைக்குத் தொப்பி, தாடிக்கு உறை, காலுக்கு உறை எல்லாம் போட்டுக்கொண்டு நுழைந்தார். வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அவிழ்க்கச் சொன்னார், பூச்சி வருமாம். மொட்டை மாடியில் காயப்போடக் கூடாது, கூடாரம் போட்டு உலர்த்த வேண்டும் என்றார். பெண்கள் பூ வைக்கக் கூடாது, கண்ணாடி வளையல் கூடாது.

"பூ வச்சா மொளகா கோவிச்சுக்கிடுமாக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தன் கொண்டையிலிருந்த பூவை முதலில் எடுத்தாள். வாசல் எலுமிச்சம்பழத்தையும் ஸ்டூல் போட்டு ஏறித் தானே அவிழ்த்தாள். செவ்வாய், வெள்ளியில் சூடம் சுற்றாமல் கதவைத் திறக்காதவள் அவள். அவள் இப்படி அடங்கிப்போனதைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் சிரிப்பாகவும் ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

முதல் லோடு கடைகளுக்குப் போய்க் கொஞ்ச நாளில் மகள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கடை அலமாரிக்கு முன்னால் எங்கள் பொட்டலம் ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள். முகம் இல்லை, கை மட்டும். "சித்தி, இது நம்ம வீட்டு மோர் மிளகாதானே? முந்தாநா ஒண்ணு வாங்கிப் பொரிச்சவுடனே தெரிஞ்சிருச்சு" என்று கீழே எழுதியிருந்தாள். போனை அக்காவிடம் நீட்டினேன். அவள் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். பொட்டலத்தை அவள் பார்க்கவே இல்லை.

"கை மெலிஞ்சிருக்கு" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிளகாய்ப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லோடு போகும்போதும் அவள் முகம் தெளிந்திருக்கும். மகளோடு பேசிவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். இதைவிட ஒரு போனைப் போட்டுப் பேசிவிடுவது சுலபம் என்று நான் சொல்லாத நாளில்லை. "ஒனக்கு ஒன்னும் தெரியாது ஏட்டி" என்பாள்.

ஒரு காலையில் மகளிடமிருந்து செய்தி வந்தது: உண்டாகியிருக்கிறாள். அன்றைக்கு ஷெட்டில் அடுத்த லோடுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். கையிலிருந்த டேப்பை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"எத்தன மாசம்?"

"மூணு தொடங்கிருக்கு."

"மசக்கையா இருக்காளாமா?"

"நீயே கேளேன்" என்றேன்.

மறுநாள் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். அக்கா விடிந்ததுமே வந்துவிட்டாள். மெட்டல் டிடெக்டரைத் தாண்டிய பொட்டலங்கள் பெட்டிகளில் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. "மேல் அடுக்க நான் அடுக்குதேன், நீங்க போய்ச் செத்த நேரம் காப்பித்தண்ணி குடிங்க" என்று பெண்களை அனுப்பினாள். நாங்கள் திரும்பி வந்தபோது பெட்டிகளில் டேப் ஒட்டி முடித்திருந்தாள். அவள் விரல்கள் கறுத்திருந்தன. லாரிக் கதவைத் தொட்டிருப்பாள் என்று நினைத்தேன். லாரி திருப்பத்தில் மறையும்வரை அவள் ரோட்டில் நின்றாள்.

கப்பல் கடலில் இருந்தபோதுதான் மகள் கூப்பிட்டாள். நான் ஷெட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். செங்கோட்டை வண்டிக்காகக் கேட் போட்டிருந்தார்கள்.

"சித்தி, தங்கல" என்றாள்.

வண்டி போய், கேட் திறந்து, எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தார்கள். நான் ஓரத்திலேயே நின்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன், உடம்பைப் பார்த்துக்கொள், சின்ன வயசுதானே என்று. எல்லாம் ஒன்றுக்கும் உதவாத சொற்கள்.

"நான் உண்டாயிருந்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாங்க?"

"எத்தன மாசம்னு கேட்டா. மசக்கையான்னு கேட்டா."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அழுது முடித்துவிட்டு, "இத அவங்ககிட்ட சொல்லிராதீங்க சித்தி. வாசல்ல வச்சுச் சொன்னாங்கல்ல, அது பலிச்சிருச்சுன்னு நெனச்சு உசிர விட்டுருவாங்க" என்றாள்.

கோபக்காரி என்று அவளை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்தக் கோபத்துக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து மெல்பர்னிலிருந்து மெயில் வந்தது. சரக்குக் கிடங்கில் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே இன்னதென்று தெரியாத கறுப்புப் பொருள் இருந்ததாம். பொடிந்து பொட்டலமெல்லாம் கரி அப்பியிருந்ததாம். முழு லோடையும் அழிக்கப் போகிறார்கள், இனி நம்மிடம் சரக்கு எடுக்கமாட்டார்கள். கூடவே ஒரு படம்: வெள்ளைத் தட்டில் ஒரு கறுப்புத் துண்டு, அளப்பதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் அது இன்னதென்று தெரியவில்லை. நம் ஊரில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? பிள்ளைத்தாய்ச்சிக்குப் பலகாரம் கொண்டுபோகும்போது காத்து கருப்பு அண்டாமல் தூக்குவாளியின் மேல் வைக்கிற கரித்துண்டு அது.

வளையலைக் கழற்றி, பூவை எடுத்து, வாசல் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து, இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் கரியைப் போட்டுக் கெடுத்தாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் கட்டிக்கொண்டே போனேன்.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஷெட்டில் வாங்கி, துவைத்துத் துவைத்து மெதுவாக்கி, சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் அடித்திருந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு இடுப்புத் துணி. படத்தைக் காட்டினேன்.

"ஆமா, நாந்தான் வச்சேன். அடுப்புக்கரிக்கு இப்ப எங்க போக? தெரு முக்குல இஸ்திரி போடுதவர்கிட்ட வாங்கினேன்" என்றாள், ஒளிவுமறைவே இல்லாமல்.

"லோடு அம்புட்டும் போச்சு அக்கா. இனி எடுக்க மாட்டானாம்."

அவள் போனை வாங்கி அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நிம்மதி.

"போனாப் போகுது ஏட்டி. ஊர்க்கண்ணுக்கா நான் கரி வச்சேன்? எஞ் சொல்லுக்கு வச்சேன். வாசல்ல நின்னு என்ன சொல்லு சொன்னேன்! அவ உண்டாயிருக்கான்னு நீ சொன்னதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அந்தச் சொல்லு கடல் தாண்டிப் போயிருமோன்னு பயந்துட்டே கெடந்தேன். இப்பப் பாரு, லோடு மேல எறங்கிருச்சு. பிள்ளைக்கு வரவேண்டியது பெட்டியோட போயிருச்சு."

கட்டிக்கொண்டு போன சொல் ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. அந்தக் கரி நடுக்கடலில் இருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது என்பதை எந்த வாயால் சொல்ல? குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அதன் பிறகு ஷெட்டில் பெண்கள் குறைந்துவிட்டார்கள். மதுரைக் கடைகளுக்கு மட்டும் கொஞ்சம் போடுகிறோம். வாசலில் எலுமிச்சம்பழம் மறுபடி தொங்குகிறது. அக்கா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. அவளுடைய கணக்கெல்லாம் வேறு. சூலுக்கு வளையல் போட்டிருப்பார்களா என்பாள். அந்தக் குளிரில் எண்ணெய் தேய்த்துவிட யார் இருக்கிறார்கள் என்பாள். மகளிடம் இதையெல்லாம் நான் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. "அம்மா நல்லாயிருக்காங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

போன வாரம் அக்கா இராஜபாளையத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் மஞ்சள் பை. உள்ளே அந்தத் துணிகள், அடுக்கிக் கட்டியிருந்தாள்.

"அடுத்த மாசம் பிள்ள வந்துரும்ல. அதுக்கு முன்ன துணி போயிச் சேரணும். வலி எடுத்தா அம்மான்னுதான ஏட்டி கூப்பிடுவா? அப்ப பேசிருவா. இல்ல, நானே பேசிருதேன். இனிமே எனக்கென்ன ரோசம்?"

நான் பையை வாங்கினேன். மேலாக இருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு மெதுவாக இருந்தது. நான் உள்ளே எதையோ தேடுகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"கரி வைக்கல ஏட்டி, பயப்படாத. வச்சா அங்க உள்ளவிய தடுத்துருவாக, துணி பிள்ளைக்குப் போயிச் சேராது. அதான் வைக்கல."

"சரி அக்கா, அனுப்பிருதேன்" என்றேன்.