பழைய சேலை

புதுக்கோட்டையில் பத்திரிகைப் புகைப்படப் பயிற்சியில் ஆசிரியர் சொன்ன முதல் பாடம், "உள்ளதை உள்ளபடி எடுங்க, எதையும் மாத்தாதீங்க."

கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஓர் அக்காவை எடுக்கப் போனேன். படம் என்றதும் முகம் கழுவி, பவுடர் பூசி, விசேஷத்துக்குக் கட்டும் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார். அப்படியே எடுத்தேன்.

"இதுல வறுமை எங்கம்மா இருக்கு? பழைய சேலையில ஒக்கார வச்சு எடுத்துட்டு வா," என்றது பாடம் சொன்ன அதே வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சான்றிதழுக்காக மறுநாள் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, அந்தப் பட்டு எனக்கு நல்லால்லையா?" என்றபடியே அக்கா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. ஆசிரியர் மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் படத்துக்குக் கீழே 'உள்ளது உள்ளபடி' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தது நான்தான்.