வலி இல்லாத கண்

1. மூக்கு நுனி

மாதம்மா உள்ளே வந்தபோது அவர் முகத்தின் வலது பாதி முழுக்கக் காவி பூசியிருந்தது. நெற்றியிலிருந்து இமை வரை கொப்புளங்கள், அவற்றின் மேல் காவிக் கோடுகள். எனக்குப் பார்த்த உடனே புரிந்தது. அக்கி.

மைசூரில் தேவராஜ மொஹல்லா பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டருக்கு முன்னால் பார்வையை அளந்து, ஸ்லிட் லேம்ப் என்ற விளக்கு வைத்த உருப்பெருக்கியில் கண்ணைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. புதிதாக வருகிற பிள்ளைகள் அக்கி என்றால் தோல் டாக்டர் சமாசாரம் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாதம்மாவுக்கு ஊர் ஹனூர் பக்கம். கணவர் செல்வராஜ் கொத்தனார், இவர் அவருடனேயே சித்தாள். இருவரும் மைசூருக்கு வெளியே கட்டட வேலையில் இருந்தார்கள்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க சார். கொஞ்சம் செவந்திருக்குது, அவ்வளவுதான்" என்றார்.

டாக்டரம்மா அவர் மூக்கு நுனியைக் காட்டினார். அங்கேயும் ஒரு கொப்புளம். "நோடி, இங்க பாருங்க மாதம்மா, மூக்கு நுனிக்குப் போற நரம்புதான் கண்ணுக்கும் போகுது. இங்க வந்தா கண்ணுக்குள்ளயும் வர சான்ஸ் ஜாஸ்தி. சின்ன வயசுல சின்னம்மை போட்டிருந்ததா?"

"போட்டுச்சுங்க."

"அதே வைரஸ்தான். நரம்புல தூங்கிட்டிருந்து இப்ப எழுந்திருக்கு. மாத்திரை ஆரம்பிக்கணும். அந்தக் காவியைக் கழுவிட்டு வாங்க."

மாதம்மா கிளம்புவதற்கு எழுந்துவிட்டார். தண்ணீர் படக்கூடாது என்று அக்கி எழுதிய அம்மாள் சொல்லியிருந்தாராம். டாக்டரம்மாவின் முகம் இறுகியது. நான் கூட வந்திருந்த செல்வராஜிடம், "அந்த அம்மாவுக்கே போன் போடுங்க, கேட்டுடலாம்" என்றேன். அந்த அம்மாளிடம் திட்டு விழும் என்றுதான் நினைத்தேன்.

ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது. "ஏம்புள்ள, கண்ணுக்குள்ள போறதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நீ போயி மூஞ்சியக் கழுவு. டாக்டரு சொல்றதக் கேளு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

மாதம்மா குழாயடிக்குப் போனார். மாத்திரை, சொட்டு மருந்து, அடிக்கடி செக்கப். கண்ணுக்குள் அழற்சி வந்தது, ஆனால் கட்டுக்குள் இருந்தது. கொப்புளங்கள் காய்ந்தன. நாங்கள் எல்லோரும் நிம்மதியானோம்.

2. பஞ்சு

சில மாதங்கள் கழித்துச் செல்வராஜ் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கருவிழியில வெள்ளையா என்னமோ தெரியுதுங்க. இவ வரவே மாட்டேங்கறா."

"வலியே இல்லீங்க சார்" என்று மாதம்மா சிரித்தார். "முன்னெல்லாம் சிமெண்டுத் தூசி பட்டா துடிச்சுப் போயிருவேன். இப்ப ஒண்ணுமே தெரியறதில்ல."

அதைக் கேட்டதும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பஞ்சைத் திரித்து நுனியால் இடது கருவிழியைத் தொட்டார். இமை படக்கென்று மூடியது. வலது கண்ணைத் தொட்டார். மாதம்மா கண்ணைக் கொட்டவே இல்லை. "தொட்டாச்சுங்களா?" என்று கேட்டார்.

மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பக்கம் ஒரு புண் பச்சையாக ஒளிர்ந்தது. அக்கி அந்த நரம்பின் உணர்வைக் கெடுத்துவிட்டிருந்தது. உணர்வில்லாத கருவிழியில் புண் சுலபமாக வரும், ஆறுவதும் கஷ்டம். தூசி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

சொட்டு மருந்துக்கும் களிம்புக்கும் புண் ஆறவில்லை. புண் திறந்து கிடக்காமல் இருக்க, மேல் கீழ் இமைகளின் வெளி ஓரத்தைச் சேர்த்துக் கொஞ்சம் தையல் போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. கண் சின்னதாகத் தெரியும்.

மாதம்மா அன்றுதான் அழுதார். "ஒத்தக் கண்ணு சுருங்கிப் போனவள யாருங்க வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கறேன். கலவ போட வேண்டாம், செவுத்துக்குத் தண்ணி அடிக்கற வேலைய வாங்கிக்கலாம். கண்ணு இருக்கோணும் புள்ள."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க" என்றார் மாதம்மா.

புண் ஆறித் தழும்பானது. பார்வை பழையபடி வரவில்லை, ஆனால் போகவும் இல்லை. வேலையில் தூசி தடுக்கும் கண்ணாடி மாட்டச் சொன்னோம். "உங்க கண்ணு இனிமே வலின்னு சொல்லாது. தினமும் முகம் பாக்கற கண்ணாடியில செவந்திருக்கான்னு நீங்கதான் பாத்துக்கணும், செவந்தா உடனே வந்துடணும்" என்று விளக்கினேன்.

என் வேலைக்காலம் முழுவதும் நோயாளியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வலி இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் அவசரமில்லை என்று எழுதுவேன். மாதம்மாவுக்குப் பிறகு, அக்கி வந்த கண் என்றால் அந்தப் பதிலை நம்பி எதையும் எழுதியதில்லை. சில சொட்டு மருந்து கண்ணை மரத்துப்போக வைக்கும் என்பதால், கண்ணில் எந்தச் சொட்டும் விடுவதற்கு முன் டாக்டரிடம் பஞ்சை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காலை, ஆஸ்பத்திரிக் கதவு திறப்பதற்குள்ளேயே மாதம்மா வாசலில் நின்றிருந்தார். பஸ்ஸில் வந்த அவசரத்தில் தலைகூடச் சீவவில்லை.

"கண்ணாடியில பாத்தனுங்க சார், செவந்திருக்குது."

"வலிக்குதா?"

"வலிக்கவே இல்லீங்க. அதான் பயந்து ஓடியாந்துட்டேன்."