அய்யம்பெருமாள் மாட்டிய பலகை

சிறுவாச்சூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, கோயிலுக்குப் பிரியும் பாதையின் முனையில் அய்யம்பெருமாளின் டீக்கடை இருந்தது. உள்ளே நுழைந்ததும் பாய்லருக்கு மேலே ஒரு தகரப் பலகை தெரியும். 'இங்கே அரசியல் பேசாதீர்கள்.' அந்தக் காலத்தில் பல டீக்கடைகளிலும் சலூன்களிலும் இதுபோன்ற பலகை உண்டு. அதனால் திங்களும் வெள்ளியும் காளி கோயிலுக்கு வரும் வெளியூர்க் கூட்டம் அதை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் அது உறுத்தியது. அரசியல் பேசுவதற்கென்றே நடந்த கடை அது.

திருச்சியிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் அவருக்கு இரண்டு பேப்பர்கள் வரும். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கட்சிகளின் பேப்பர்கள். ஒரே செய்தியை இரண்டிலிருந்தும் உரக்கப் படிப்பார். ஐந்தாவது வரை படித்தவர்தான், ஆனால் படிக்கும்போது ஒரு சொல்லையும் விழுங்கமாட்டார். பிறகு இடப்பக்க பெஞ்சும் வலப்பக்க பெஞ்சும் மோதும். கடைசியில் யார் பேச்சு எடுபட்டதோ, அந்தப் பக்கம் பார்த்து டீ கலக்கும் கரண்டியால் பாய்லரில் ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் தீர்ப்பு. அதற்காகவே அவரை 'ஜட்ஜு' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

எமர்ஜென்சியில் பேப்பர்கள் மெலிந்துபோயின. ஒரு போலீஸ்காரர் வந்து, "பெருமாளு, ஒரு போர்டு எழுதி மாட்டிரு, ஒனக்கும் நல்லது எனக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அப்போதும் அவர் பலகை மாட்டவில்லை. பேப்பரில் இல்லாததைப் பற்றி அந்த இரண்டு வருஷமும் பெஞ்சுகள் பேசிக்கொண்டுதான் இருந்தன.

அவருக்கு ஒரே தங்கை, செங்கமலம். உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெண் பார்க்க வந்த மாமன் மகன் ராசாங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாத்தளைப் பக்கத்தில் ஒரு எஸ்டேட். ஒரே பையன், வைரக்கண்ணு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் கடிதங்கள் அவன் கையெழுத்தில்தான் வரும்.

எழுபதாம் வருஷம் மாசியில் ஒரு கடிதம் வந்தது. இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களில் இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் சிலோனுக்கு என்று பிரித்திருந்தன. எந்தப் பக்கம் என்று ஏப்ரலுக்குள் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். 'வைரக்கண்ணு சிலோனுக்குத்தான் எழுதுவேன் என்கிறான். வயது வந்துவிட்டதால் அவனுக்குத் தனி மனு. நாங்கள் எந்தப் பக்கம் எழுதுவது என்று அண்ணன் யோசித்து ஒரு வார்த்தை எழுதவும். நீங்கள் சொல்வதைத்தான் செய்வோம்.'

மறுநாள் காலை, இரண்டு பேப்பர்களையும் படித்து முடித்த பிறகு, அய்யம்பெருமாள் அந்தக் கடிதத்தையும் அதே குரலில் படித்தார்.

அதில் தப்பு இருப்பதாக அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். பேப்பரில் மாதக்கணக்காக அடிபடும் விஷயம். நாலு பேர் பேசினால் வழி தெரியும் என்று நம்பினார்.

முதலில் பேசியவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார் சிவசுப்பிரமணியன். "இருவத்திநாலு வருசமா அந்த மண்ணுல கொழுந்து பறிச்சிருக்கு. ஒழைச்ச எடந்தானய்யா ஊரு? அதவிட, புள்ள அங்க இருக்கப் போறான். அவன விட்டுட்டு..." என்று இழுத்தார். அவருக்கு எப்போதும் பாதியில் சொல் தேட வேண்டியிருக்கும்.

அந்த இடைவெளியில் சின்னதுரை எழுந்துவிட்டான். வெங்காயத் தரகு பார்ப்பவன், கட்சிக் கூட்டங்களில் முன்பேச்சுப் பேசிப் பழகியவன். "வாத்தியாரே, ஓட்டு இல்ல, பாஸ்போட்டு இல்ல, செத்தா பொதைக்கக் குழிகூட தோட்டத்துத் தொரை குடுத்தாத்தான். அது ஊரா? இங்க வந்தா லோன் தர்றான், வேல தர்றான், பேப்பர்ல போட்டிருக்கு. புள்ளையாம் புள்ள! தாய ஓட்டிட்டு வாங்கய்யா, கன்னுக்குட்டி தன்னால பின்னால வருதா இல்லையா பாருங்க!"

இரண்டு பெஞ்சும் சிரித்தன. யாரோ கை தட்டினார்கள். அய்யம்பெருமாளும் சிரித்தபடி சின்னதுரை பக்கம் பார்த்துக் கரண்டியால் தட்டினார்.

அன்று மத்தியானமே பதில் எழுதினார். 'இந்தியாவுக்கே மனுப் போடவும். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.'

அவர்கள் முறை வர ஏழு வருஷம் ஆயிற்று. எழுபத்தேழில் ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி மண்டபம் முகாமில் இருந்தவர்களை அவரே போய் அழைத்துவந்தார். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு, இருமிக்கொண்டே இருந்த ராசாங்கம். வைரக்கண்ணு வரவில்லை. அவன் சிலோன் பிரஜையாகி, கல்யாணம் செய்து, மாத்தளை டவுனில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு இருந்தான். துறைமுகத்தில் அவன் கப்பலைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றதாகச் செங்கமலம் சொன்னாள்.

அரசாங்கக் கடனில் ராசாங்கம் பெட்டிக்கடை வைத்தார். பதினாலு மாதத்தில் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். கடையும் அவரோடு போயிற்று. செங்கமலம் அண்ணன் கடைக்கு வந்து கிளாஸ் கழுவினாள், டீ போட்டாள். அவள் போடும் டீக்காக லாரிக்காரர்கள் நிறுத்தி இறங்கினார்கள். "சிலோனக்கா, ஒரு தேத்தண்ணி" என்று அவள் சொல்லையே சொல்லிக் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். மாதம் ஒரு கடிதம் மகனிடமிருந்து வரும். கடை ஓய்ந்த பிற்பகலில் அதை அண்ணன் படிக்கக் கேட்பாள்.

எண்பதாம் வருஷம் இட ஒதுக்கீட்டை உயர்த்தி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த சமயம். யாருக்கு எத்தனை பங்கு என்று பெஞ்சுகள் ஒரு வாரமாக மோதிக்கொண்டிருந்தன. ஒருநாள் சின்னதுரை கொதித்துப்போய் வந்தான்.

"பங்கு பங்குங்கிறீங்களே, உள்ளூர்க்காரனுக்குப் பங்கு எங்க? எங்கண்ணன் மவன் மில்லுக்கு மூணு தடவ எழுதிப் போட்டான். கப்பல்ல வந்தவனுக்குத்தான் மொத எடமாம். அகதிக்கு வேல, அகதிக்கு லோனு, அகதிக்கு மனை. நாமளும் ராமேஸ்வரம் போயி கடல்ல ஒரு முங்கு முங்கிட்டு எந்திரிச்சா குடுப்பானாய்யா?"

பெஞ்சு சிரித்தது.

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. அன்று அவர் சொல் தேடவில்லை. "இப்பப் பேசு! அன்னிக்கி அந்தம்மா கடுதாசிய இதே எடத்துல படிச்சப்ப, வரச் சொல்லு வரச் சொல்லுன்னு குதிச்சது யாரு? நான் வரவேணாம்னுதான் சொன்னேன். ஜட்ஜு ஒன் பக்கம்ல கரண்டியத் தட்டுனாரு!"

சொன்ன பிறகுதான் கடையின் பின்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு நினைவு வந்தது. கிளாஸ் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

செங்கமலம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என் கடுதாசியவா சார்? இங்கயா படிச்சாங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "நல்லா ரோசன பண்ணித்தான் எழுதறேன்னு எழுதியிருந்தியேண்ணே. எனக்கு நம்பிக்க வரட்டும்னு வைரக்கண்ணு அந்த வரிய ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனான்."

அய்யம்பெருமாளின் கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் பெரம்பலூர் போய்ப் பலகை எழுதி வாங்கிவந்து மாட்டினார். "எமர்ஜென்சியிலயே மாட்டலையே ஜட்ஜு, இப்ப எவன் மெரட்டுனான்?" என்று கேட்டார்கள். அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அன்றோடு உரக்கப் படிப்பதும் நின்றது. பேப்பர்கள் பெஞ்சில் கிடந்தன, வேண்டியவர்கள் எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

கடிதம் படித்த அன்று யார் யார் என்ன சொன்னார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் செங்கமலம். ஒரு மாதத்துக்குள் புறப்பட்டுவிட்டாள். மண்டபம் முகாமில் பழக்கமான பெண்கள் சிலர் கோத்தகிரியில் தேயிலை பறிக்கப் போயிருந்தார்கள். பஸ் ஏறும்போது, "கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நெனைக்காதண்ணே. எனக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான்" என்றாள். மகனின் கடிதங்கள் மட்டும் பழைய வழக்கப்படி சிறுவாச்சூர் விலாசத்துக்கே வந்தன. அவர் பிரிக்காமல் கோத்தகிரிக்கு அனுப்பிவைப்பார்.

எண்பத்துமூன்று ஜூலை கடைசியில் இலங்கையில் தமிழர்களை வெட்டிக் கொல்வதாகவும் கடைகளைக் கொளுத்துவதாகவும் செய்தி வந்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு காலை, முதல் பஸ்ஸில் செங்கமலம் வந்து இறங்கினாள். வெயில் பட்டும் குளிர்க் கம்பளியைக் கழற்றவில்லை.

"கடுதாசி ஏதும் வந்துச்சாண்ணே?"

"வரலம்மா."

"பேப்பரப் படி."

மூன்று வருஷம் கழித்து அவர் படித்தார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "மாத்தளையில கடைங்கள எரிச்சுட்டாங்கன்னு போட்டிருக்கு."

"எந்தக் கட?"

"பேரு போடல."

ஜனங்கள் ரோட்டில் நின்று பேசிவிட்டு, உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பதை அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பலகைய எறக்குண்ணே" என்றாள்.

"வேணாம் செங்கமலம்."

"பேசட்டும். பேப்பர்ல இல்லாதது யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்ல."

அவர் பெஞ்சின் மேல் ஏறிப் பலகையை இறக்கிச் சுவர் ஓரமாகச் சாய்த்தார்.

முதலில் வாத்தியார்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "நம்ம ரேடியோ பாதிதான் சொல்லுது. லண்டன் ரேடியோவுல மாத்தளை, கண்டி எல்லாம் சொன்னான்." செங்கமலம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் ஒருவர், ரேடியோ டில்லிக்காரன் கையில் இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார். இன்னொருவர், உங்க கட்சி டில்லியோடு கூட்டு வைத்தபோது அது தெரியவில்லையா என்றார். கால்மணி நேரத்தில் பேச்சு யார் நடத்திய கடையடைப்பு பெரிது, யார் ஊர்வலத்தில் கூட்டம் அதிகம் என்பதில் வந்து நின்றது. மாத்தளை என்ற பெயரை அதன் பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

சின்னதுரை அவளிடம் திரும்பினான். அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "அக்கா, வெள்ளிக்கெழம பெரம்பலூர்ல கூட்டம். நீங்க மேடையில வந்து உக்காந்தாப் போதும். பேசக்கூட வேணாம். பெத்தவளப் பாத்தாத்தான் சனங்களுக்குப் புரியும்."

"தாய ஓட்டிட்டு வந்தா கன்னுக்குட்டி தன்னால பின்னால வரும்னு சொன்னது நீங்கதானாமே தம்பி?"

"நானா?" என்றான். "எப்பக்கா?"

அவன் நடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேசியிருந்தான்.

செங்கமலம் எழுந்து, கம்பளியை மடித்து வைத்துவிட்டு, பின்பக்கம் போய்த் தொட்டியருகே உட்கார்ந்து கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தாள். அய்யம்பெருமாள் பலகையை எடுத்து மறுபடியும் மாட்டினார். யாரும் தடுக்கவில்லை.

பதினோரு நாள் இருந்தாள். தபால்காரர் தூரத்தில் வரும்போதே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். லீவு முடிந்ததும் கோத்தகிரிக்குத் திரும்பினாள்.

ஐப்பசியில் கடிதம் வந்தது. இந்த முறை அவர் அதைத் தபாலில் சேர்க்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, உறையைப் பிரிக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திருச்சி, கோயமுத்தூர் என்று பஸ் மாறி மலை ஏறினார். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று அவளுக்கு. அடுத்த வீட்டுப் பெண்கள் எட்டிப்பார்த்தபோது எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு உறையைப் பிரித்து மெதுவான குரலில் படித்தார்.

வைரக்கண்ணு உயிரோடு இருந்தான். கடை எரிந்துபோயிற்று, இடது கை வெந்துவிட்டது. பெண்டாட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தான். சிலர் படகு ஏறி இந்தியாவுக்குப் போகிறார்கள், அங்கே அகதி என்று முகாமில் வைப்பார்களாம், இங்கே காட்டை வெட்டிப் பயிர் செய்ய ஒரு துண்டு நிலம் கிடைக்கலாம் என்கிறார்கள், அம்மா சொல்வதைச் செய்கிறேன் என்று எழுதியிருந்தான்.

செங்கமலம் எழுந்து அடுப்பில் டீ வைத்தாள். பிறகு கேட்டாள். "என்னண்ணே எழுதட்டும்? வரச் சொல்லவா, அங்கயே இருன்னு சொல்லவா?"

பதிமூன்று வருஷத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி. அந்த அறையில் பெஞ்சு இல்லை, பேப்பர் இல்லை, அவரும் அவளும் மட்டும் இருந்தார்கள். அவர் நிஜமாகவே யோசித்தார். டீ கொதித்து விளிம்புக்கு வந்து அடங்கும்வரை யோசித்தார்.

"எனக்குத் தெரியலம்மா."

அவள் டீயை வடிகட்டி அவருக்கு ஒரு கிளாஸ் நீட்டினாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னிக்கும் இதையே எழுதியிருக்கலாம்லண்ணே. நாங்களே என்னமாவது பண்ணியிருப்போம்."

அன்று அவர்கள் எழுதிய பதிலில், அம்மா சௌக்கியம், கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்பது மட்டும்தான் இருந்தது.