ஸ்வர்ணா படுத்துப் பார்த்த பை

ஸ்வர்ணா கையில் வாங்கினாள். பை கனக்கவே இல்லை. மட்டைத் தேங்காய் அளவுக்குச் சுருட்டி ஓர் உறைக்குள் திணித்திருந்த அந்தத் தூங்கும் பையை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். ஏந்துவதற்கு அதில் எதுவும் இல்லாதது போலிருந்தது.

"அறுநூறு கிராம்தான்க்கா. மைனஸ் அஞ்சு வரைக்கும் தாங்கும்னு சொல்றாங்க," என்றான் க்ளென்.

"யாரு சொல்றாங்க?"

"செஞ்சவங்க."

"செஞ்சவங்க வேற என்ன சொல்லுவாங்க சார்? குளிரும்னா சொல்லுவாங்க?"

க்ளென் சிரித்தான். பெங்களூர் காக்ஸ் டவுனில் மலையேறப் போகிறவர்களுக்குக் கூடாரமும் முதுகுப் பையும் தூங்கும் பையும் வாடகைக்கு விடுகிற கடை அவனுடையது. ஸ்வர்ணா அங்கே வேலைக்கு இருப்பவள். திரும்பி வரும் பைகளைப் பிரித்து மோந்து பார்ப்பாள், உதறிக் காயப்போடுவாள், எங்காவது உள்ளடைப்பு ஒதுங்கிப் போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பனி எப்படியிருக்கும் என்று அவள் கண்டதில்லை. பனியிலிருந்து திரும்பியவர்களின் வியர்வை நாற்றம் மட்டும் தெரியும்.

உறையிலிருந்து உருவி உதறினாள். உள்ளே வாத்தின் நெஞ்சுத் தூவி. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இழுத்துக்கொண்டு பை பருத்தது. முழுவதும் கறுப்பு. தோளில் அகன்று காலை நோக்கிக் குறுகி, தலைக்கு ஒரு முக்காடு, முக்காட்டை இறுக்க நாடா, கழுத்திலிருந்து கீழே ஒரே நீள ஜிப். மேசையின் மேல் அது ஆள் மாதிரி படுத்திருந்தது. ஸ்வர்ணா கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் பெருமாள்சாமி ஆட்டோ ஓட்டியவன். கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனான். திரும்ப வந்தது ஜிப் போட்ட நீளப் பை ஒன்று. திறக்கக் கூடாது என்றார்கள். அதற்குள் இருந்தது அவன்தான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

கடையில் இருந்த பழைய பைகள் சதுரமாக, ரஜாய்ப் போர்வை மாதிரி இருக்கும். அவற்றோடு அவளுக்குத் தொந்தரவு இருந்ததில்லை. ஆனால் இதற்குள்தான் அவள் மகள் அனுஷா படுக்கப் போகிறாள். காலேஜ் மலையேற்றக் குழுவோடு ஜனவரியில் உத்தராகண்ட், பனிமேல் கூடாரம். பழைய பையைத் தூக்கினால் ஒல்லிப் பெண்ணின் முதுகில் வேறெதற்கும் இடமிருக்காது. இந்த மாதிரிப் பை தேறினால் க்ளென் கடைக்கு வாங்குவான், முதலில் அனுஷாவுக்கே கொடுப்பான்.

காலையில் தலை பின்னிக்கொண்டே அனுஷா சொல்லியிருந்தாள்: "நீயே படுத்துப் பாரும்மா. நீ ஓகேன்னா போறேன். வேணாம்னா வேணாம். அவ்ளோதான், சண்டையே போட மாட்டேன்."

சண்டை போட்டிருந்தால் ஸ்வர்ணாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெங்களூர்க் குளிரில் இந்தப் பையைச் சோதிக்க முடியாது. அதனால் புதுச் சரக்கு வந்தால் க்ளென் சிவாஜிநகருக்குப் போவான். அங்கே மீன் மொத்த வியாபாரி அப்ரார் பாயின் குளிர் அறையில் படுத்துப் பார்ப்பான். இந்தத் தடவை பை சின்ன அளவு, அவன் தோள் நுழையாது. "அனுஷா உங்க சைஸ்தானேக்கா?" என்றான். அவள் மறுக்கவில்லை. பை தோற்றுவிட்டால் போதும், யாரும் யாரையும் தடுத்ததாக ஆகாது.

அப்ரார் பாய் அவளைப் பார்த்ததும், "க்யா க்ளென், இந்த வாட்டி பலியாடு அக்காவா?" என்றார். பிறகு அவள் முகத்தைக் கவனித்துக் குரலைத் தணித்தார். "டரோ மத்மா, பயப்படாத. உள்ள இருந்து தள்ளுனாலே கதவு தொறந்துக்கும். மீனுங்கதான் தள்ளத் தெரியாம படுத்துக் கெடக்குது."

அன்று சரக்கில்லாத அறையை மைனஸ் ஐந்தில் விட்டிருந்தார். மூலையில் மின்விசிறி உறுமியது. சுவரில் வெள்ளைத் துகள் படிந்திருந்தது. அவள் தார்ப்பாயை விரித்தாள், ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் சாக்ஸுமாகப் பைக்குள் காலை விட்டாள். ஜிப்பை ஏற்றும்போது பாதியில் மெல்லிய துணி பல்லில் மாட்டிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இழுத்தால் கிழியும் என்று கை அறிந்திருந்தது, ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. கொஞ்சம் பின்னுக்கு விட்டு, விரலால் துணியை ஒதுக்கி, மறுபடி ஏற்றினாள்.

"முக்காடு வேணாம் சார்."

"தலையை மூடலேன்னா இது டெஸ்ட்டே இல்லக்கா. கதவுக்கு வெளியதான் நிக்கிறேன்."

நாடாவை அவன் இறுக்கினான். மூக்குக்கும் கண்ணுக்கும் மட்டும் ஒரு துவாரம். கதவு சாத்தப்பட்டது.

தன் மூச்சின் சத்தத்தைத் தவிர அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. பெருமாள்சாமிக்கும் இப்படித்தான் ஒட்டியிருக்குமா? அந்தக் கேள்வியை அவள் இத்தனை வருடமாக யாரிடமும் கேட்டதில்லை, தன்னிடம்கூட. இப்போது அது வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. மார்பும் வயிறும் சூடாகத்தான் இருந்தன. ஆனால் கீழேயிருந்து, தோள்பட்டையிலும் இடுப்பிலும், தரை அவளைக் குடிக்கத் தொடங்கியது. எலும்பு வரைக்கும் போனது அந்தக் குளிர். பல் தந்தியடித்தது. அவள் காலால் உதைத்து, ஜிப்பைக் கிழிக்காத குறையாக இறக்கி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தாள்.

"வேணாம் சார். முதுகு வெறச்சுப் போச்சு. இது ஆளைக் கொன்னுடும்."

சொல்லும்போதே உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்து, அடங்கி, சந்தோஷப்பட்டது.

க்ளென் உள்ளே எட்டிப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா! பாய் எங்க?"

"நான் இங்கதான் கீறேன்," என்றார் அப்ரார் பாய்.

"உங்கள இல்ல பாய். அடியில போடுற ஃபோம் பாய்! வெறும் தார்ப்பாய் மேலயா படுத்தீங்க? நம்ம வெயிட்டுல தூவி நசுங்கிடும், அப்புறம் அடியில சூடு எங்க நிக்கும்? தெனமும் கஸ்டமருக்கு நீங்கதானே சொல்லுவீங்க!"

உண்மைதான். பாய் இல்லாமல் ஒரு பையைக்கூட அவள் கடையை விட்டு அனுப்பியதில்லை, தன் கையாலேயே கட்டிக் கொடுப்பாள். இன்று மட்டும் எடுக்கவில்லை. மறந்தாளா, விட்டுவிட்டு வந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

க்ளென் கார் டிக்கியிலிருந்து பாயைக் கொண்டுவந்தான். ஸ்வர்ணா சூடான டீ ஒன்றைக் குடித்தாள். மறுபடி பை, ஜிப், முக்காடு, கதவு.

இந்தத் தடவை முதுகு வரவேற்கப்பட்டது போலிருந்தது. குளிர் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொரு இடமாகக் காத்திருந்தாள். கால்விரலில் காத்திருந்தாள். வரவில்லை. ஜிப் ஓரமாக மட்டும் ஊசி நூல் மாதிரி ஒரு கீற்று, அதுவும் உள்மடிப்பைச் சரிசெய்ததும் நின்றது. வரட்டும், வரட்டும் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

யாரோ அவளைப் போட்டு உலுக்கினார்கள். க்ளென். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா! அக்கா! எத்தனை வாட்டி கூப்பிடுறது? ஒரு மணி நேரமா சத்தமே இல்ல. நான்... ஜீசஸ், நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்."

"தூங்கிட்டேன் சார்," என்றாள் ஸ்வர்ணா. அவளுக்கு அழுகை வந்தது. பை நல்ல பை. இனி சாக்கு எதுவும் மிச்சமில்லை.

மகளிடம் காட்டச் சொல்லி க்ளென் பையைக் கொடுத்தனுப்பினான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள். முதுகு வெறச்சுப் போச்சு. இதைப் பொய் என்று யார் சொல்ல முடியும்? வெறைத்தது, க்ளென் சாட்சி. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடுமா? ஜீவனஹள்ளியில் இறங்கும்வரை அந்த மூன்று வார்த்தைகளையே உதட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

அனுஷா வாசலிலேயே நின்றிருந்தாள். வெயில் இன்னும் சந்தில் இருந்தது.

"என்னம்மா? சொல்லு."

"முதுகு வெறச்சுப் போச்சுடி."

அவள் எதிர்பார்த்தது ஏமாற்றத்தை. மகள் முகத்தில் அது வரவில்லை. தோள் இறங்கியது, வாய் தளர்ந்தது, நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே போனது.

"அப்ப போக வேணாம்ல?" என்றாள் அனுஷா. "பரவால்லமா. எனக்கும் ஒரு மாதிரியாதான் இருந்துச்சு. மூணு நாளா சரியாவே தூங்கல. அந்தப் பையில என்னை ஜிப் போட்டு மூடுற மாதிரியே... நீ வேணாம்னு சொல்லிடுவேன்னு தெரியும்மா. அதான் உன்கிட்ட விட்டேன்."

அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது இந்தப் பெண் ஸ்வர்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசாமலே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள். தன் பயம் தன்னோடு தீரும் என்று நினைத்திருந்தாளே ஸ்வர்ணா! இப்போது அது இருபது வயசு முகத்தில், தன் கண்ணையும் வாயையும் வைத்துக்கொண்டு, ஆசுவாசமாகச் சிரித்தது. மைனஸ் ஐந்து அவளை இப்படி நடுங்க வைக்கவில்லை.

"முழுசாக் கேளு," என்றாள். "அது பாய் போடாம படுத்தப்ப. பாய் போட்டுப் படுத்தேன். தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா? அதுக்குள்ளயா? நீயா?"

"கொறட்டை வேற விட்டிருப்பேன். உள்ள வா."

கதவைச் சாத்தி, பாயை விரித்து, பையை உதறினாள். அது பருக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுஷா காலை விட்டாள். பாதி உடம்பு போனதும் நின்றாள்.

"நீ ஜிப் போடும்மா. என்னால ஆவாது."

ஸ்வர்ணா மண்டியிட்டாள். துணி மாட்டாமல் விரலைக் கொடுத்துக்கொண்டு மெல்ல ஏற்றினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. கழுத்துக்கு வந்ததும் அவள் கை தானாக நின்றது.

"இன்னும் இழு," என்றாள் அனுஷா, கண்ணை மூடிக்கொண்டு.

இழுத்தாள். முக்காட்டை ஏற்றி நாடாவை இறுக்கினாள். கறுப்புக்கு நடுவில் மூக்கும் உதடும் மட்டும். இரண்டு பேரில் யார் நடுங்குகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி பை நடுங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"சூடா இருக்கும்மா," என்றது உள்ளேயிருந்து. சற்றுப் பொறுத்து, "இங்கயே வேர்க்குது. நான் போறேன்மா."

ஸ்வர்ணா உள்ளங்கையை அந்தத் துவாரத்தின் மேல் வைத்திருந்தாள். மூச்சு பட்டது. நின்றது. பட்டது.

"ம்மா, கையை எடு. மூச்சு முட்டுது."